வாயில் ஊறிய வெள்ளம்

1

பிரான்சுக்கு வந்து ஒரு வருடம் நிறைந்துவிட்டது. ஊரிலிருந்து வரும் கடிதங்களில் என் உடம்பைப் பற்றி ஒரு வரி இருக்கும், குளிரைப் பற்றி ஒரு வரி இருக்கும், பிறகு அந்தக் கேள்வி இருக்கும்: குடிக்கிறாயா?

எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பத்திரிகையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வாயில் வைக்கிறேன். துப்பிவிடுகிறேன்.

இதை அப்பாவுக்கு எழுதியபோது, "துப்பதுக்கு என்னத்துக்குலே வாயில வைக்கணும்?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அப்பா குன்னத்துகால் மிஷன் சபையின் மதுவிலக்குச் சங்கத்தில் முக்கியமான ஆள். ரசாயனத்தில் பட்டம் வாங்கிய மகன், உபகாரச் சம்பளம் கிடைத்து, திராட்சைச் சாறு புளித்து ஒயினாவதைப் படிக்கக் கப்பலேறியபோது, "பழம் கெட்டுப்போகாம பாக்கிற படிப்பு" என்று சபையாரிடம் சொல்லிவைத்தார். பொய் என்று சொல்ல முடியாது. இங்கே திராட்சைப் பழம் கெடுவதேயில்லை, கெடுவதற்கு யாரும் விட்டுவைப்பதில்லை.

நான் இருப்பது பிரான்சின் தெற்கே, கடலை ஒட்டிய பெரிய உப்பேரியின் கரையில் ஒரு கிராமம். கரை மேட்டில் திராட்சைத் தோட்டம், கீழே ஏரிக்குள் கயிறுகளில் சிப்பி வளர்க்கிறார்கள். விவசாயிகள் கூடி நடத்தும் கூட்டுறவு ஒயின் கூடத்தில் எனக்குப் பயிற்சி. தொட்டி கழுவுவது, குழாய் பிடிப்பது, மாதிரி எடுத்துப் புளிப்பு அளப்பது என் வேலைகள்.

இந்த ஊரின் ஒயினுக்கு அது பிழியப்படும் திராட்சையின் பெயர்தான்: பிக்பூல். உதட்டைக் கடிப்பது என்று அர்த்தம் சொல்கிறார்கள். வெள்ளை ஒயின் என்பார்களே தவிர அது வெள்ளையில்லை. வைக்கோல் நனைந்த தண்ணீர் போல, ஓரத்தில் இளம்பச்சை ஓடும். மூக்கருகே கொண்டுபோனால் நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறிய வாசனை. வாயில் வைத்து, பல்லிடுக்கால் காற்றை உள்ளே இழுத்து, சர்ரென்று சத்தம் வர உருட்ட வேண்டும். சாயாவை உறிஞ்சியதற்காக அம்மாவிடம் அடி வாங்கிய எனக்கு இங்கே அந்த உறிஞ்சல்தான் படிப்பு. உருட்டி முடிந்ததும் மரத்தூள் நிரப்பிய வாளியில் துப்பிவிட வேண்டும். துப்பிய பிறகும் நாக்கின் ஓரங்களில் பச்சை மாங்காயும் உப்பும் நின்றுகொண்டிருக்கும்.

முதல் தடவை துப்பியபோது நான் சிரித்துவிட்டேன். கடலோரத்தில் உட்கார்ந்து உப்பு தொட்டு மாங்காய் தின்பதற்காகவா இவ்வளவு தூரம் கப்பலில் வந்தேன்!

2

கூட்டுறவுத் தலைவர் முசியே வெர்னெ ஒயினுக்காக வாதாடுகிற வக்கீல் மாதிரி. அவர் சட்டைப்பையில் ஒரு மடக்குக் கத்தி உண்டு. ரொட்டி வெட்டுவதும் சிப்பி திறப்பதும் அதனால்தான். ஒரு விஷயத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டால் கத்தியை 'டக்' என்று மடக்குவார். அதற்கு மேல் யாரும் வாதாட முடியாது.

செப்டம்பர் அறுவடையின்போது ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "எங்கள் ஒயினுக்கு உலகத்தில் ஒரே துணை, உயிருள்ள வெள்ளைச் சிப்பி. ஓட்டைத் திற, உறிஞ்சு, ஒரு மடக்கு குடி. வேறெதையும் பக்கத்தில் வைக்காதே."

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "எங்கள் ஊர் சிப்பிக் கறியோடும் போகும்" என்றேன். எங்கள் தாலுகாவில் காஞ்சிரங்குளத்துக்குக் கீழே கடற்பாறைகளில் மூழ்கிப் பறிக்கிற அதே கறுப்பு ஓட்டுச் சிப்பி இங்கேயும் கயிற்றில் காய்த்துத் தொங்குகிறது. தேங்காயும் குடம்புளியும் போட்டு வைக்கிற கறியை வர்ணித்தேன். கையை வேறு ஆட்டினேன்.

"மிளகாய் உண்டா?"

"உண்டு."

"மிளகாய் பட்ட நாக்குக்கு என் ஒயின் சுடுதண்ணீர்தான். நீ புளிப்பை அளக்கிறாய், சாமுயெல். சாப்பாட்டை அளக்கத் தெரியவில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் விடவில்லை. கத்தி இன்னும் திறந்தே இருந்ததால் அவருக்கும் ஆசை இருந்தது என்று தெரிந்தது. கடைசியில் நிபந்தனை போட்டார். நவம்பர் முதல் தேதி, சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று, புதிய ஒயினை முதலில் திறக்கும் விருந்து. சுவை பார்க்கும் மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. "அன்றைக்கு உன் கறியைக் கொண்டுவா. அதற்கு முன்னால் என் ஒயின் ருசி கெடாமல் நின்றால், ஏன் நின்றது என்று நீ சொல்லவும் தெரிந்தால், அடுத்த வருடம் முழுக்க நாற்காலி உனக்கு. விழுந்தால் டிசம்பரில் உன் அனுமதி முடிகிறது, கப்பலேறு."

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அதை எழுத எனக்கு வெட்கமே இல்லை. குழாய் பிடித்தவனாக ஊர் திரும்புவது வேறு. அந்த மேசையில் உட்கார்ந்து 'இந்தத் தொட்டி சரி, இந்தத் தொட்டி ஆகாது' என்று சொன்னவனாகத் திரும்புவது வேறு.

3

இங்கே நிறுத்தி ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உங்களில் பலருக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. எங்கள் பக்கத்தில் அது செம்பில் இருப்பது, கிணற்றில் ஊறுவது, தாகத்துக்குக் குடிப்பது. மலையாளத்திலும் அப்படித்தான். சென்னை விடுதியில் முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் "கொஞ்சம் வெள்ளம் தா" என்று கேட்டேன். "எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓடுங்கடா, சாமுவேல் வெள்ளம் கேக்கிறான்!" என்று ஒருவன் கத்தினான். அன்றிலிருந்து நான் மலையாளத்தான். விடுமுறைக்கு வரும் வழியில் திருவனந்தபுரத்துக் கடையில் வாய் திறந்தால் பாண்டி, அதாவது தமிழன். பாறசாலை தாண்டி வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் நான் வெறும் சாமுவேல்.

திருவிதாங்கூர்-கொச்சியை மொழிவாரியாகப் பிரிக்கும் எல்லைப் போராட்டம் சூடுபிடித்த நாட்களில் இந்தச் சொல் எங்கள் வீட்டையே ஆட்டியது. எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவின் தமிழ்ப் பகுதிகளையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், கொடி. அப்பா எல்லாவற்றிலும் முன்னால். எந்த வீட்டில் என்ன மொழி என்று விசாரிக்கச் சிலர் வருகிறார்கள் என்று தெரிந்ததும், எங்கள் வீட்டையும் காட்டுவது என்று முடிவாயிற்று. அப்பா வீட்டாரை வரிசையாக நிறுத்தி ஒத்திகை பார்த்தார்.

"வெள்ளம்னு ஒருத்தரும் வாய் திறக்கப்பிடாது. தண்ணியாக்கும். சொல்லு, தண்ணி."

அப்பாவின் தங்கை தங்கம் மாமிக்கு (எங்கள் பக்கத்தில் அத்தையும் மாமிதான்) கோபம். "பச்சைப்பிள்ளைக்குப் பேச்சு படிப்பிக்கியா அண்ணாச்சி? எனக்குத் தெரியும்."

வந்தவர்கள் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். மாமி தமிழ்ப் பத்திரிகையைக் கணீரென்று வாசித்தாள். வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றைப் பார்க்காமல் சொன்னாள். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. மாமிக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே ஓடிப்போய் செம்பும் கிளாசுமாக வந்து, "வெயிலுகொண்டு வந்திருக்கீங்க, இந்தா கொஞ்சம் வெள்ளம் குடியுங்க சாரே" என்று நீட்டினாள்.

வந்தவர்களில் ஒருவர் கிளாசை வாங்கிக்கொண்டு சிரித்தார். "அப்போ வீட்டில மலையாளம் ஆணு, அல்லே?"

பிறகு தாலுகா கேரளத்தோடுதான் என்று ஆனபோது, அப்பா வேறு யாரிடமும் காட்ட முடியாத கோபத்தை மாமியிடம் காட்டினார். "உனக்க ஒரு கிளாஸ் வெள்ளத்திலயாக்கும் தாலுகா ஒலிச்சுப் போச்சு."

"குடிச்சானுகல்லா? குடிச்சிட்டுப் போனவனுக எழுதினது எனக்க குத்தமா?" என்று மாமி திருப்பிக் கேட்டாள்.

கோடு ஒரு கிளாசால் போடப்பட்டதல்ல என்று எல்லோருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அதன் பிறகு வெளியாள் வந்தால் மாமி செம்போடு வந்து ஒரு நொடி நிற்பாள். வாய்க்குள் சொல்லைத் தேடுவாள். பிறகு, "தண்ணி" என்பாள். வாய் ஓயாமல் பேசுகிற பெண் அந்த ஒரு நொடி ஊமையாவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

4

அக்டோபர் கடைசியில், பக்கத்துத் துறைமுகத்தில் இயந்திரம் பழுதாகி ஒரு சரக்குக் கப்பல் நின்றது. அதில் இந்தியர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு சைக்கிளை மிதித்துப் போனேன். மேல்தட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"எலே, நம்ம சாமுவேலா! என்னலே மக்கா இப்படி வெளுத்துப் போன? இங்க வெயிலுக்கும் சீட்டு எடுக்கணுமா?"

தாசன்! காஞ்சிரங்குளத்துக்காரன், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சு. கப்பலில் பண்டாரி வேலை, அதாவது சமையல். அவன் வீட்டில் பேச்சு மலையாளம், என்னோடு எப்போதும் தமிழ். போராட்ட நாட்களில் நான் ஒரு ஊர்வலத்தில் கத்தினேன், அவன் எதிர் ஊர்வலத்தில் கத்தினான். சாயங்காலம் இருவரும் ஒரே கடையில் தொண்டைக்கு மிட்டாய் வாங்கினோம்.

நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். தேங்காய், குடம்புளி, மிளகாய் எல்லாம் கப்பலில் உண்டு என்றான். அன்றே என் வீட்டுக்கார அம்மாளின் அடுப்பங்கரையை வாடகையில்லாமல் பிடித்தோம். தாசன் ஊரில் வைப்பது போலவே சிவக்கச் சிவக்க வைத்தான். தின்றால் கண்ணில் நீர் வர, அவ்வளவு ருசி. பிறகு பிக்பூலை ஒரு மடக்கு வாயில் வைத்தேன்.

தலைவர் சொன்னது சரிதான். ஒயின் செத்துவிட்டது. நார்த்தங்காயும் இல்லை, உப்பும் இல்லை. சாராயச் சூடு மட்டும் தீயாய் எரிந்து, பின்னால் கசப்பு.

"உனக்க ஒயின் கொள்ளாது" என்றான் தாசன்.

"ஒயின் நல்ல ஒயின்லே. உனக்க மிளகாதான்."

"மிளகா இல்லாத கறியா? எங்க அம்மை கேட்டா என்னைப் பாறைக்கு மேலேந்து கடல்ல தள்ளுவா."

அரைமணி நேரம் சண்டை. பிறகு ஒயினை எப்படி நிற்கவைப்பது என்று யோசித்தேன். நெல்லிக்காய் தின்றுவிட்டுக் கிணற்று வெள்ளம் குடித்தால் இனிக்கும். வெள்ளத்தில் சர்க்கரை இல்லை, முந்தி வாயில் இருந்ததுதான் காரியத்தைச் செய்கிறது. அப்படியானால் ஒயின் இனிக்க வேண்டுமென்றால் கறியில் புளிப்பும் உப்பும் ஒயினைவிட ஒரு பிடி கூடுதலாக இருக்க வேண்டும். எரிப்பு ஒதுங்கி நிற்க வேண்டும். மிளகாயை எடுத்துவிட்டு நான்கைந்து குறுமிளகை நசுக்கிப் போட்டோம், குடம்புளியைக் கூட்டினோம், தேங்காயை வறுக்காமல் பச்சையாக அரைத்தோம். ஒயின் எழுந்து உட்கார்ந்தது. ஆனால் நிற்கவில்லை. புளிப்பும் புளிப்பும் முட்டிக்கொண்டன.

"மரச்சீனி இல்லாம சிப்பி தின்னா இப்படித்தான்" என்றான் தாசன். உண்மை. நாங்கள் இரண்டு பேரும் அதை மறந்துபோயிருந்தோம். புளிக்கறியைத் தாங்குவதற்கென்றே எங்கள் ஊரில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு அவித்து வைக்கிறோம்.

கடைக்கு ஓடி மரச்சீனியின் இங்கிலீஷ் பெயரைச் சொன்னேன். "தப்பியோகா உண்டா?" என்று கேட்டதும் கடைக்காரி சிரித்த முகத்தோடு உண்டு என்றாள். இங்கேயும் அதே பெயரா என்று நான் துள்ளினேன். கையில் கொடுத்தது காகிதப் பொட்டலம். உள்ளே வெள்ளை வெள்ளையாக மணிகள்! இவர்கள் மரச்சீனி மாவை உருட்டிக் காயவைத்து சூப்பில் போடுகிறார்கள். கிழங்கை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

பொட்டலத்தைப் பார்த்துத் தாசன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "எலே, சந்தையில மரச்சீனி வாங்கச் சொன்னா பாசிமணி வாங்கிட்டு வந்திருக்கான்." ஆனால் அந்த மணிகளை ஊறவைத்து, தேங்காய்ப்பாலில் கெட்டியாகக் கிண்டி இறக்கியதும் அவனேதான். மணிகள் கண்ணாடி மாதிரி மின்னின. ருசி? கண்ணை மூடினால் மரச்சீனி.

5

நவம்பர் முதல் தேதி காலையில் பானையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தபோது தாசன், "இண்ணு முதல் நீ கேரளாக்காரனாக்கும், மக்கா" என்றான். நான் மறந்திருக்கவில்லை. களியக்காவிளைச் சந்தை தமிழ்நாட்டுப் பக்கமும், நான் படித்த பாறசாலைப் பள்ளிக்கூடம் கேரளப் பக்கமுமாக இன்றைக்குப் புதிய மாநிலங்களின் கோடு சட்டமாகிறது.

"கொடி பிடிச்சு நடந்து உங்களுக்கு என்ன கிட்டிச்சு?" என்று தொடர்ந்தான்.

"உனக்கு மட்டும் என்னலே கிட்டிச்சு? கப்பல்ல வெங்காயம் உரிக்க."

"வெங்காயம் கேரளா வெங்காயமாக்கும்" என்றான். சிரித்துக்கொண்டே போனோம், எனக்குள் எங்கேயோ ஒன்று இடறிக்கொண்டே இருந்தது.

கூடத்தில் நீள மேசை. வெள்ளைச் சிப்பிகள் தட்டுத் தட்டாக வந்து போயின. பிறகு எங்கள் பானை. தலைவர் சிப்பியை மணியோடு சேர்த்து ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய். புதிய பிக்பூலைக் குடித்தார். துப்பவில்லை. மறுபடி கறிக்குப் போனார். கத்தி திறந்தே மேசைமேல் கிடந்தது.

"சரி. நிற்கிறது" என்றார். "ஏன் நிற்கிறது? வாய்க்குள் என்ன நடக்கிறது, சாமுயெல்? சொல்லத் தெரியாதவனுக்கு இந்த மேசையில் வேலையில்லை."

படித்து வைத்திருந்த பிரெஞ்சுச் சொற்கள் எல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடிப்போயின. ஒரு மடக்கு வாயில் வைத்தேன். தமிழில்தான் வந்தது. "பல்லு கூசுது" என்று முணுமுணுத்தேன், பிரெஞ்சில் அதை எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டே.

பக்கத்தில் தாசன். "கூசுதா? பல்லு புளிக்குதுன்னு சொல்லுலே. வெக்கப்பட்டாதான் கூசும்."

"புளிக்கது ஒயினு. பல்லு எப்படிலே புளிக்கும்?"

"எங்களுக்குப் பல்லும் புளிக்கும்."

"அது மலையாளம்!"

"பின்ன பல்லு தமிழா?"

மேசை முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பல்லைத் தொட்டுக் காட்டி, எதற்குச் சண்டை என்று அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். தலைவர் கையைத் தூக்கினார். "பற்களைப் பற்றிப் பிறகு சண்டை போடுங்கள். அது முதல் நொடி. அடுத்த நொடி என்ன?"

அடுத்த நொடி என்ன? தமிழில் தாசனிடமும் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். இருவரும் ஒரே குரலில் சொன்னோம்: "வாயில வெள்ளம் ஊறுது."

சொன்னதும் எனக்கு முகம் சூடேறியது. இத்தனை பெரிய சபையில் அதே சொல்லா! ஆனால் வேறு சொல் அங்கே பொருந்தாது. ஒவ்வொரு சொல்லாகப் பிரெஞ்சில் எடுத்து வைத்தேன்: வாயில், நீர், ஊறுகிறது.

மேசை 'ஹோ' என்று எழுந்தது. "லோ ஆ லா பூஷ்!" என்று நாலா பக்கமும் கத்தினார்கள். வாய்க்கு வெள்ளம்! அவர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள்! சென்னையில் எச்சில் என்பார்கள். பிரான்சில் ஒரு விவசாயி, காஞ்சிரங்குளத்தில் தாசனின் அம்மை, குன்னத்துகாலில் என் மாமி, மூன்று பேருக்கும் வாயில் வருவது வெள்ளம்!

அதற்குப் பிறகு எனக்கு வாய் அடங்கவில்லை. முதலில் பல் கூசும். கூசியதும் வெள்ளம் ஊறும். தேங்காயின் எண்ணெயையும் சிப்பியின் உப்பையும் அந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், மணிகள் புளிப்பைத் தாங்கிக்கொள்ளும், அடுத்த மடக்கு நெல்லிக்காய்க்குப் பிந்திய கிணற்று வெள்ளம் போல இனிக்கும். "உங்கள் பச்சைச் சிப்பிக்கு அதன் உப்பு போதும். எங்கள் கறிக்கு இவ்வளவும் வேண்டும். ஒயின் ஒன்றுதான், இரண்டு இடத்திலும் வேலையும் ஒன்றுதான்" என்றேன்.

டக்.

கத்தி மடங்கியது. தலைவர் காலி நாற்காலியைக் காலால் இழுத்து என் பக்கம் தள்ளினார். "உட்கார்."

உட்கார்ந்தேன். முதுகு நிமிர்ந்தே இருந்தது. தாசன் என் முதுகில் குத்திய குத்து இன்னும் வலிக்கிறது. பிறகு மாமியின் செம்புக் கதையை மேசைக்குச் சொன்னேன். தாசனுக்கும் அது தெரியாது, அவனுக்குத் தமிழில் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டவன் முடிவில் சிரிப்பை நிறுத்தினான். "எங்க வீட்டில வந்து கேட்டப்போ எங்க அம்மையும் அதையேதான் கொடுத்தா. வெள்ளம்" என்றான். "அவளை ஒருத்தரும் ஏசல்ல."

தலைவர் கிளாசைத் தூக்கினார். "மாமிக்கு!" கூடமே எழுந்தது. பிரெஞ்சில் மாமி என்றால் பாட்டியாம். என் பாட்டியைப் பாராட்டுவதாக நினைத்துக் கத்துகிறார்கள். மாமிக்குத் தெரிந்தால் எனக்குத்தான் அடி.

அப்பா, அந்த ஒரு மடக்கை மட்டும் நான் துப்பவில்லை.

6

மறுநாள் அனுமதியை நீட்டிக்க அலுவலகம் போனேன். குமாஸ்தா என் பழைய அட்டையைப் பார்த்தார். "திருவிதாங்கூர்-கொச்சி. இதே மாநிலம்தானே?"

"நேற்றோடு அது இல்லை. இப்போது கேரளம்."

"இடம் மாறிவிட்டீர்களா?"

"நான் இங்கேதான் இருந்தேன். ஊரும் அங்கேயேதான் இருக்கிறது."

அவர் பேனாவைக் கீழே வைத்து என்னை ஒருமுறை பார்த்தார். "தாய்மொழி?"

"தமிழ்."

சந்தேகமாகத்தான் எழுதிக்கொண்டார். எனக்குச் சந்தேகமில்லை. வாசலுக்கு வந்ததும் சீட்டியடித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். கோடு விழுந்ததில் எனக்கு வருத்தம் உண்டு, அப்பாவின் பக்கம்தான் இன்னமும் நான். ஆனால் இத்தனை நாள் எங்கள் தமிழில் குறையென்று நான் ஒளித்து வைத்திருந்த சொல், எனக்கு ஒரு நாற்காலி வாங்கித் தந்துவிட்டது. இனி அதை ஒளிப்பதாக இல்லை. பத்திரிகை ஆசிரியருக்கும் இது விண்ணப்பம்: இந்தக் கட்டுரையில் வெள்ளம் வருகிற இடத்தில் தண்ணீர் என்று திருத்திவிட வேண்டாம்.

தாசனின் கப்பல் நேற்றுப் புறப்பட்டது. ஊருக்குப் போனதும் குன்னத்துகால் வரை நடந்து வந்து இதையெல்லாம் மாமியிடம் சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறான். அநேகமாக வெயிலில்தான் வருவான்.

மாமி, முற்றத்தில் அவன் வந்து நின்றால் சொல்லைத் தேடிக்கொண்டு நிற்காதே. செம்பை எடுத்துக்கொண்டு வா. வெள்ளம் வேணுமா என்று கேள்.